இரண்டு ஆர்டர்களுக்கு நடுவே

நிறுவனம் உணவு சமைப்பதில்லை, விற்பதில்லை, கொண்டுபோய்க் கொடுப்பதும் இல்லை. உணவகம், வாடிக்கையாளர், சுயேச்சையான விநியோகப் பங்குதாரர் ஆகிய மூவரையும் இணைக்கும் மென்பொருளை நடத்துவது மட்டுமே அதன் தொழில். மனுதாரர் அதன் ஊழியர் அல்ல. விபத்து நடந்த நேரத்தில் அவர் கையில் ஆர்டர் எதுவும் இல்லை.

சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், பணியாளர் இழப்பீட்டு ஆணையராக அமர்ந்திருந்த தொழிலாளர் துணை ஆணையர் முன் தாக்கலான எதிருரையைச் சுருக்கினால் இவ்வளவுதான். நகலை என் கட்சிக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பங்குதாரர், மென்பொருள் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசி வரி வந்ததும் நிமிர்ந்தார். “கையில ஆர்டர் இல்லைன்னா நான் எதுக்கு சார் அந்த மழையில ரோட்டுல இருக்கப் போறேன்? ஜோனுக்குத் திரும்பினாத்தானே அடுத்த ஆர்டர் விழும்?” என்றார்.

வழக்கு முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

அப்போது அவருக்கு 26 வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு யூனிட்டில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தார். 2020 ஊரடங்குக்குப் பிறகு அந்த யூனிட் ஷிப்டைக் குறைத்தபோது முதலில் நிறுத்தப்பட்டவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். அவரிடம் ஓட்டுநர் உரிமமும் ஆண்ட்ராய்டு போனும் இருந்தன. வண்டி அவருடைய மாமாவுடையது. செயலியை இறக்கி, ஆதாரையும் பான் கார்டையும் படம் பிடித்து ஏற்றி, டீ சர்ட்டுக்கும் சாப்பாட்டுப் பைக்கும் பணம் கட்டி, ஓட ஆரம்பித்துவிட்டார். நேர்முகத் தேர்வு கிடையாது. யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. திட்டுவதற்கு சூப்பர்வைசர் இல்லை, பணம் வாரா வாரம் வங்கிக்கு வந்துவிடும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டிய நாளில் யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். எஸ்டேட்டில் வாங்கியதைவிடக் கையில் கூடுதலாக நின்றது. பெட்ரோலையும் வண்டித் தேய்மானத்தையும் கழித்துப் பார்த்தால் எவ்வளவு கூடுதல் என்பது வேறு கணக்கு. இந்தத் தளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், இதில் சேர்கிறவர்கள் எல்லாரும் ஏமாந்து சேர்கிறார்கள் என்பதுபோல எழுதுகிறார்கள். என்னிடம் வந்த ரைடர்களில் அப்படிச் சொன்னவர் யாரும் இல்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: அடிபட்டால் யார் பொறுப்பு?

விபத்து 2021 நவம்பர் மழையில் நடந்தது. அண்ணா நகரில் ஒரு மெஸ்ஸிலிருந்து எடுத்த பார்சலை முகப்பேர் மேற்கில் ஓர் அடுக்ககத்தில் கொடுத்துவிட்டுத் திருமங்கலம் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த லோடு வண்டி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தன. ஒரு பழக்கடைக்காரர் 108-ஐ அழைத்தார். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் பிளேட் வைத்தார்கள்.

சாதாரணமாக இது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டிய வழக்கு. இடித்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். இங்கே வண்டி எது என்றே தெரியவில்லை. முதல் தகவல் அறிக்கை இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று பதிவாகி அப்படியே நின்றது. மோதிவிட்டு ஓடிய வண்டிகளுக்கென மோட்டார் வாகனச் சட்டத்தில் 161-ஆம் பிரிவு உண்டு. அன்றைக்கு அதன்படி கொடுங்காயத்துக்குக் கிடைக்கும் தொகை 12,500 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 50,000 ஆனது. இவர் விபத்து அதற்கு முந்தியது. மாமாவின் வண்டிக் காப்பீட்டில் இருந்த தனிநபர் விபத்துப் பாதுகாப்பு பதிவுபெற்ற உரிமையாளருக்கு மட்டும். நிறுவனம் ரைடர்களுக்கென எடுத்திருந்த குழுக் காப்பீட்டைக் கேட்டோம். ஆர்டரை ஏற்றது முதல் ஒப்படைக்கும் வரைதான் அது செல்லும் என்று பதில் வந்தது.

செயலியின் கணக்குப்படி பார்சல் ஒப்படைக்கப்பட்டது இரவு 9.31. ஆம்புலன்ஸ் பதிவில் அழைப்பு வந்த நேரம் 9.40. விபத்து 9.38 வாக்கில் நடந்திருக்க வேண்டும். ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடம் அவர் யாருடைய ஆள்?

மிஞ்சியிருந்த வழி, அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். மிகப் பழைய சட்டம். ஆனாலும் தொழிலாளி பக்கம் நின்று எழுதப்பட்டது. யார் மீது தவறு என்று அது கேட்டதில்லை. வேலையால், வேலையின்போது காயம் ஏற்பட்டதா என்று மட்டும் கேட்டது. யார் யார் இதற்குள் வருவார்கள் என்று இரண்டாம் அட்டவணை பட்டியல் போட்டது. அதன் முதல் இனமே, நீராவியாலோ வேறு இயந்திர சக்தியாலோ மின்சாரத்தாலோ ஓடும் வாகனத்தை இயக்கும் வேலையில் இருப்பவர். பைக் ஓட்டுகிறவர் அதில் வந்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று எழுதியிருந்தார்கள். மனுதாரர் வழக்கமாக வசிக்கும் ஊரின் ஆணையரிடமே மனுப் போடலாம் என்று 21-ஆம் பிரிவு சொன்னது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று 17-ஆம் பிரிவு சொன்னது. எல்லாம் சரி. ஆனால் இவை அனைத்தும் பயன்பட, முதலில் அவர் ‘பணியாளர்’ என்று நிறுவ வேண்டும்.

சட்டப் புத்தகங்களைப் புரட்டும்போது எனக்குக் கைகொடுத்தது சேலம். சேலம் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கத்துக்கு எதிராக திவான் மொகிதீன் சாகிப் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் நடத்திய வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீடி முதலாளிகள் இலையையும் தூளையும் சுயேச்சையான ஒப்பந்ததாரர்கள் எனப்பட்டவர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் ஆட்களை வைத்துச் சுற்றி வாங்கி முதலாளியிடம் ஒப்படைப்பார்கள். வருகைப் பதிவேடு கிடையாது, குறிப்பிட்ட வேலை நேரம் கிடையாது, இலையை வீட்டில் வைத்து வெட்டலாம். பீடி சுற்றுகிறவர்களுக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றார்கள் முதலாளிகள். நீதிமன்றம் ஏற்கவில்லை. நடுவில் இருந்தவர்கள் பெயரளவுக்குத்தான் ஒப்பந்ததாரர்கள், தொழிலாளர்கள் முதலாளிகளுடைய ஆட்களே என்று சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து, 1966-இல், பீடி சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. பங்குதாரர் என்று பெயர் வைத்துப் பொறுப்பைத் தள்ளிவிடும் வேலை செயலியோடு பிறந்ததில்லை. சேலத்துப் பீடித் திண்ணைகளில் அறுபது ஆண்டுக்கு முன்பே பார்த்தாகிவிட்டது.

எதிர்தரப்பு வழக்கறிஞர் திறமையானவர். அவர் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1973-இல் தீர்ப்பான அந்த வழக்கில் துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்களைக் கடையின் ஊழியர்கள் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்கு ஒரு காரணமாக, தையல் இயந்திரம் கடைக்காரருடையது என்பதையும் எடுத்துக்காட்டியிருந்தது. “இங்கே வண்டி யாருடையது? போன் யாருடையது? பெட்ரோல் யார் போடுகிறார்கள்?” என்று கேட்டார். வலுவான வாதம். வண்டி இவருடைய கையில் இருந்தது உண்மை. ஆனால் அந்த வண்டியை எந்தத் தெருவுக்குத் திருப்புவது, எந்தக் கடை வாசலில் நிற்பது, எத்தனை நிமிடத்துக்குள் போய்ச் சேருவது என்று சொன்ன கருவி செயலி. அது இல்லாவிட்டால் வண்டிக்கு வேலையே இல்லை. தையல்கடையில் இயந்திரம் எதுவோ, இந்தத் தொழிலில் அது செயலி என்று பதில் சொன்னேன்.

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். கையில் இருந்தது அவருடைய போன் ஒன்றுதான்.

அந்த போனை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். திரையின் இடது மூலையிலிருந்து குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. மழைக்காகச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தார். விபத்துக்குப் பிறகும் அதைக் கழற்றவில்லை. ஆன் ஆனது. செயலியைத் தொட்டால் உள்ளே போகவில்லை. எங்கள் வக்கீல் நோட்டீஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய ஐடி நிறுத்தப்பட்டிருந்தது. அதோடு அவர் ஓடிய நாட்கள், வாங்கிய தொகை, லாகின் நேரம், வாடிக்கையாளர் கொடுத்த நட்சத்திரங்கள் எல்லாம் கண்ணுக்கெட்டாமல் போயின. ஓர் ஆலைத் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தினாலும் அவர் வருகைப் பதிவேட்டை யாரும் கிழித்துப் போட முடியாது. இங்கே ஒரே சொடுக்கில் எல்லாம் மறைந்துவிட்டது.

காப்பாற்றியது ரைடர்களின் ஒரு பழக்கம். தினமும் ராத்திரி லாக்-அவுட் செய்வதற்கு முன் அன்றைய வருமானப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். இன்சென்டிவ் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அவர் போனின் கேலரியில் அந்தப் படங்கள் அப்படியே இருந்தன. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு, இன்னொரு படி ஏறினால் இவ்வளவு, வாரக் கடைசியில் இத்தனை மணி நேரம் ஆன்லைனில் இருந்திருக்க வேண்டும், இடையில் லாக்-ஆஃப் செய்தால் தகுதி போய்விடும். விபத்து நடந்த மாலையில் வந்த ஒரு செய்தியும் இருந்தது: உங்கள் பகுதியில் மழை, இப்போது லாகின் செய்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் கூடுதல் தொகை.

மின்னணுச் சான்று என்றால், அன்றைக்கு இருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் இல்லாமல் நகலை ஏற்க மாட்டார்கள். அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியபோதே ஒரு வாசலையும் திறந்து வைத்தது: தகவல் இருக்கும் கருவியை அதன் உரிமையாளரே கொண்டுவந்து காட்டினால் அது மூலச் சான்று, சான்றிதழ் தேவையில்லை. ஆகவே படங்களை அச்செடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல், அவரைக் கூண்டிலேற்றி போனையும் முன்வைத்தோம். ஆணையர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரிசல் விழுந்த அந்தத் திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மழைச் செய்தி வந்த இடத்தில் நிறுத்தி, தேதியையும் நேரத்தையும் தன் கையாலேயே குறித்துக்கொண்டார்.

பார்சல் எடுத்த நேரத்தைச் சொல்வதற்காக மெஸ் உரிமையாளரைச் சாட்சியாக அழைத்தேன். வழக்குக்குத் தேவையானது அவர் பில் புத்தகத்தில் இருந்த நேரம் மட்டும். விசாரணை முடிந்து வெளியே மரத்தடியில் நின்று அவர் பேசியது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. முன்பெல்லாம் பார்சல் வாங்க வருகிறவர் யார், எந்த வீடு, பிள்ளைக்குக் காரம் ஆகுமா ஆகாதா என்று தெரியும். கடன்கூடக் கொடுப்பேன் என்றார். இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டேப்லெட் ஒலி எழுப்பினால் ஆர்டர். வாடிக்கையாளரின் நம்பர் அவருக்கு வராது. “வியாபாரம் கூடியிருக்கு சார், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதை நிறுத்திட்டா என் கஸ்டமர் யாருன்னு எனக்கே தெரியாது.” கமிஷனைப் பற்றி அவர் சொன்னதைவிட இதுதான் என் மனதில் தங்கியது. உணவகங்களின் தேசியச் சங்கம் கொடுத்த புகாரின் பேரில், இரண்டு பெரிய உணவுத் தளங்களின் நடைமுறைகளை விசாரிக்கும்படி 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. அந்தப் புகாரிலும் வாடிக்கையாளர் பற்றிய தரவு யார் கையில் என்பது ஒரு சச்சரவு.

ரைடருக்கும் அதே நிலைதான். ஐ.டி.ஐ. சான்றிதழ் அவர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது; எந்த ஊருக்குப் போனாலும் அதைக் காட்டலாம். செயலியில் ஒன்றரை ஆண்டு ஓடி அவர் சேர்த்த திறமை கொஞ்சமில்லை. எந்த அடுக்ககத்தில் பின்வாசல் திறந்திருக்கும், எந்தக் கடையில் பிரியாணி தாமதமாகும், மழை பெய்தால் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அத்துப்படி. ரேட்டிங் 4.8 வைத்திருந்தார். ஐடி போன அன்றே அந்த 4.8-ம் போய்விட்டது. இன்னொரு தளத்தில் சேர்ந்தால் புது ஆள். தொழிலாளி தன் கைத்திறனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாத வேலை இதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நிறுவனத்தின் தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் சென்னைச் செயல்பாடுகளைக் கவனிக்கும் ஓர் இளம் அதிகாரி. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார், மழுப்பவில்லை. குறுக்கு விசாரணையில் ஒரு பகுதி இப்படிப் போனது.

“ஒரு டெலிவரிக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது யார்?”

“தூரம், நேரம், டிமாண்ட் எல்லாம் வைத்து சிஸ்டம் முடிவு செய்யும்.”

“ரைடர் கூடுதலாகக் கேட்க முடியுமா?”

“முடியாது. வேண்டாம் என்றால் ஆர்டரை மறுக்கலாம்.”

“தொடர்ந்து மறுத்தால்?”

“இன்சென்டிவ் தகுதி குறையும்.”

“அதற்கு மேலும் மறுத்தால்?”

“ஐடி ரிவ்யூவுக்குப் போகும்.”

“சிஸ்டத்துக்கு இந்த விதிகளை எழுதிக் கொடுத்தது யார்?”

எதிர்தரப்பு எழுந்து ஆட்சேபித்தது. ஆணையர் கேள்வியை அனுமதித்தார்.

“நிறுவனம்தான்.”

“கையில் ஆர்டர் இல்லாதபோதும் ரைடர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“ஆன்லைனில் இருந்தால் தெரியும்.”

“எதற்காகத் தெரிந்துகொள்கிறீர்கள்?”

“அடுத்த ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க.”

அந்தப் பதிலோடு குறுக்கு விசாரணையை முடித்துக்கொண்டேன். ஏழு நிமிடம் யாருக்கானது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிலை நான் எழுதி வாங்கியிருக்க முடியாது. ஒரு ரைடர் ஒப்படைத்துவிட்டுச் சும்மா திரும்புகிறார் என்று நிறுவனம் சொல்கிறது. அதே நேரம், அவர் திரும்பும் பாதையை நொடிக்கு நொடி பார்த்து, அடுத்த வாடிக்கையாளருக்கு எத்தனை நிமிடத்தில் சாப்பாடு வரும் என்று வாக்குக் கொடுக்கிறது. அருகில் காத்திருக்கும் ரைடர்கள் இல்லாமல் அந்த வாக்கைக் கொடுக்கவே முடியாது. காத்திருப்பதும் இந்தத் தொழிலின் மூலப்பொருள். அதற்குத்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை.

இதற்கு முன்தீர்ப்பும் இருந்தது. மும்பை பெஸ்ட் நிறுவனத்தின் பஸ் ஓட்டுநர் ஒருவர் வேலை முடிந்து அதே நிறுவனத்தின் இன்னொரு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்தார். ஆக்னஸ் வழக்கு என்று அதைச் சொல்வோம். வேலை முடிந்துவிட்டது என்ற வாதத்தை 1963-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் தள்ளிவிட்டது. வேலையின் எல்லை டிப்போ வாசலோடு முடிவதில்லை. வீட்டுக்குப் போன ஓட்டுநருக்கே அப்படி என்றால், அடுத்த ஆர்டருக்காக ஜோனுக்குத் திரும்பியவருக்கு? லண்டனிலிருந்து வந்த ஊபர் எதிர் அஸ்லம் தீர்ப்பையும் வைத்தேன். 2021 பிப்ரவரி 19 அன்று வந்தது. நம் ஆணையரைக் கட்டுப்படுத்தாது என்று நானே சொல்லிவிட்டுத்தான் படித்துக் காட்டினேன். கட்டணத்தை ஊபரே நிர்ணயிக்கிறது, மறுத்தால் தண்டிக்கிறது, ரேட்டிங்கால் ஆளைக் கட்டுப்படுத்துகிறது, பயணியோடு ஓட்டுநர் நேரடித் தொடர்பு வைக்க விடுவதில்லை என்று காரணங்களை அடுக்கிய அந்த நீதிமன்றம், தனக்குரிய பகுதிக்குள் செயலியை இயக்கிப் பயணத்தை ஏற்கத் தயாராக இருந்த நேரமும் வேலை நேரமே என்றது.

மருத்துவர் வருமானம் ஈட்டும் திறனில் 30 சதவீத இழப்பு என்று சான்று கொடுத்தார். பைக் ஓட்டுவது இருக்கட்டும், ஃபிட்டர் வேலைக்கும் நாள் முழுக்க நிற்க வேண்டும், இனி முடியாது. சட்டத்தின் கணக்கு எளிது. அவர் மாதம் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் 2020 ஜனவரி முதல் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. வயது 26-க்கு அட்டவணை தரும் பெருக்கல் எண் 215.28. பெருக்கினால் 19,37,520. அதில் 30 சதவீதம் 5,81,256 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி தனி.

அடுத்து, 23-ஆம் பிரிவின்கீழ் ஒரு மனுப் போட்டேன். ஆணையருக்கு ஆவணங்களை வரவழைக்கச் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. மனுதாரரின் லாகின் பதிவு, விபத்து நாளின் இருப்பிடப் பதிவு, அவர் ஐடியை நிறுத்திய உத்தரவு, அதற்கான காரணம் எல்லாவற்றையும் தாக்கல் செய்யுமாறு கேட்டேன். சிறந்த சான்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாத தரப்புக்கு எதிராக ஊகிக்கலாம் என்பது 1968-இன் கோபால் கிருஷ்ணாஜி கேட்கர் தீர்ப்பிலிருந்து இன்றுவரை மாறாத நெறி. ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நாங்கள் அரைகுறையாகக் கட்டியதை முழுசாக நிரூபிக்கும் பதிவு அவர்கள் சர்வரில் இருந்தது. ஆலை முதலாளி வைத்திருந்த மஸ்டர் ரோல், மேஸ்திரியின் கண், சம்பளப் பட்டியல் மூன்றும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. முன்பைவிடத் துல்லியமாகவும் இருக்கின்றன. அதனால்தான் இந்த வேலையில் முதலாளி இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பதிவேடு இருக்கிறது, தொழிலாளியின் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

ஒரு வாய்தா கேட்டார்கள், பிறகு இன்னொன்று. மனு மீது உத்தரவு வரவேண்டிய கட்டத்தில் சமாதானப் பேச்சு வந்தது. கணக்குத் தொகையை ஒட்டி, வட்டியில் ஒரு பகுதியும் சேர்த்துத் தருகிறோம். ஊழியர் என்று ஒப்புக்கொள்ளாமல்.

எனக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. ஒரு தீர்ப்பு வந்தால் அதை எடுத்துக்கொண்டு எத்தனை ரைடர்கள் படியேறலாம் என்று மனம் கணக்குப் போட்டது. மேல்முறையீடு நிச்சயம் போவார்கள், உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதும் தெரியும். இரண்டையும் அவரிடமும் அவர் அம்மாவிடமும் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, “ஐயா, நீங்க சொல்றது நல்லதுதான். ஆனா பிளேட்டை எடுக்க ஆபரேஷன் பண்ணணுமே, இவன் தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணுமே” என்றார். மகன் குனிந்துகொண்டே, “வாங்கிக்கலாம் சார்” என்றார். வழக்கு அவருடையது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

1923 சட்டத்தில் சமாதானத்துக்கும் ஒரு காவல் இருந்தது. 28-ஆம் பிரிவின்படி ஒப்பந்தக் குறிப்பு ஆணையரிடம் பதிவாக வேண்டியிருந்தது. தொகை போதாது என்று தோன்றினால் அவர் மறுக்கலாம். ஆணையர் கட்சிக்காரரைத் தனியாக அழைத்து, யாராவது மிரட்டினார்களா, தொகை எப்படி வந்தது என்று தெரியுமா என்று கேட்டு, கணக்கைச் சரிபார்த்த பிறகே பதிவு செய்தார். பதிவுகளைக் கேட்ட மனு, வழக்கு முடிந்துவிட்டதால் முடித்துவைக்கப்பட்டது. 9.31-க்கும் 9.38-க்கும் நடுவில் அவர் யாருடைய ஆள் என்று எந்த ஆணையிலும் எழுதப்படவில்லை.

அதற்குப் பிறகு நிறைய நடந்திருக்கிறது. 2023-இல் ராஜஸ்தான் இத்தகைய தொழிலாளர்களுக்கென நாட்டிலேயே முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில், 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. சென்னையில் மாநகராட்சி ரைடர்களுக்கு ஏ.சி. ஓய்வறைகள் கட்டியிருக்கிறது, வெயிலில் அலைகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தளங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது அது. 2020-21இல் இவர்கள் எண்ணிக்கை 77 லட்சம் என்றும் 2029-30இல் 2.35 கோடி ஆகலாம் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டிருக்கிறது. இவ்வளவு பேருக்கு நலநிதி வருவது நல்லதே, நான் வரவேற்கிறேன்.

ஆனால் அந்தத் தொகுப்புச் சட்டம் இவர்களை ‘கிக்’ தொழிலாளி என்று வரையறுக்கும்போதே, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்துச் சம்பாதிப்பவர் என்று எழுதியிருக்கிறது. பணியாளர் இழப்பீடு அதே சட்டத்தில் வேறோர் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு ரைடர் அடிபட்டு வந்தால், உங்களுக்கு நலத்திட்டம் உண்டு, இழப்பீடு கேட்கும் உரிமை கிடையாது என்று எதிர்தரப்பு அந்த வரையறையையே தூக்கிக் காட்டும். நலத்திட்டம் அரசு மனமுவந்து வகுப்பது. தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். இழப்பீடு, காயம்பட்டவர் கேட்டுப் பெறும் கடன். சேலத்துத் தொழிலாளர்கள் நீதிமன்றத்தில் முதலில் வென்றது, நாங்கள் உங்கள் ஆட்கள் என்ற ஒப்புதலை. சட்டம் அதன் பின்னால் வந்தது. இப்போது வரிசை மாறியிருக்கிறது. அந்த ஒப்புதல் இல்லாமலே சட்டம் வந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். மளிகைச் சாமான்களை நிமிடக் கணக்கில் கொண்டுபோய்க் கொடுக்கும் தளத்தில் ஓடியவர். ஒரு குழந்தை. கொளத்தூரில் விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது. அவரும் ஒப்படைத்துவிட்டுக் கிடங்குக்குத் திரும்பும் வழியில்தான். விபத்து புதிய சட்டத்துக்கு முந்தியது என்பதால் 1923 சட்டத்தின்கீழ் மனுப் போட்டிருக்கிறோம். சமாதானம் பேச வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே கேட்டேன். “தீர்ப்பு வரட்டும் சார், நான் வெய்ட் பண்றேன். தையல் தெரியும், சமாளிச்சுக்குவேன்” என்றார்.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே அவருடைய போனில் திறக்க முடிந்த பக்கம் அத்தனையையும் என் ஜூனியர் அவர் கையாலேயே படம் எடுக்க வைத்தார். பதிவுகளைக் கேட்கும் மனுவையும் மூல மனுவோடு சேர்த்தே தாக்கல் செய்துவிட்டேன்: லாகின் நேரம், இருப்பிடம், வந்த ஆர்டர், மறுத்த ஆர்டர், பிடித்தம் செய்த தொகை. எதிர்தரப்பு, அது தங்கள் வணிக ரகசியம் என்று ஆட்சேபணை போட்டிருக்கிறது. அதன் மீதான வாதம் அடுத்த வாய்தாவுக்கு வருகிறது.